மோரிஸ் வண்டியின் டேங்க்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் மண்பாதையின் முடிவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஐந்து பழைய கார்கள் நின்றன. ஈரோட்டில் தறிக்கூடம் வைத்திருந்த சந்தோஷ்குமார் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தவை. கீழே வெயில் பெயிண்டைத் தின்றுவிடும், மலைமேல் குளிர்ச்சியாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். வெயிலிலிருந்து தப்பித்த வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. ஐப்பசியில் மூடுகிற மூடுபனி சில வருஷம் தை வரைக்கும் விலகாது. கொட்டகைக்குள் மாட்டிய சட்டை மறுநாள் காலையில் பிழிகிற பதத்தில் இருக்கும்.

அந்த வண்டிகளைத் துடைத்து, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை சின்னையனுக்கு. வேலை அவன் பேரில் இருந்தாலும் பாதிக்கு மேல் செய்தவள் அவன் மனைவி குப்பாயிதான். சின்னையன் வாலிபத்தில் மலையிறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் அருணாசலம் மெக்கானிக்கின் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், இஞ்சின் சத்தம் கேட்டுக் கோளாறு சொல்லத் தெரியும். குப்பாயிக்கு மரவள்ளிக்காடும் ஆடுகளும்தான் தெரிந்திருந்தன. இந்த வேலைக்கு வந்த பிறகு பெட்ரோல் டேங்குகளைப் பற்றித் தெரிந்துகொண்டாள்.

சந்தோஷ்குமார் வருஷத்துக்கு ஒருமுறை, இருமுறை வருவார். வந்தால் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, டேங்கின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் கிடக்க அப்படியே விட்டுப் போய்விடுவார். காலியாகக் கிடக்கும் மேல்பாதியில் பனி நீராகக் கோத்து வழியும். உள்ளே துரு பிடிக்கும். துரு பிடித்த டேங்கில் எவ்வளவு புது பெட்ரோல் ஊற்றினாலும் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்து குழாயை அடைத்துக்கொள்ளும். வண்டி நாலு அடி போய் இருமி நின்றுவிடும்.

அருணாசலம் ஒருதடவை மேலே வந்து வைத்தியம் காட்டிவிட்டுப் போனார். டேங்கைக் கழற்றி, ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்களையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டு, வாயைக் கட்டிவிட்டு ஆட்ட வேண்டும். கைகளில் தூக்கி ஆட்டித் தோள்பட்டை விட்டுப்போனதால், சின்னையன் அதைக் கயிற்றில் கட்டிப் பலாமரக் கிளையில் தொங்கவிட்டான். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் குப்பாயி. உள்ளே கல் உருளும் சத்தம் பக்கத்துக் காடு வரை கேட்கும். இளகி வருகிற துருவைக் கவிழ்த்துக் கொட்டினால் செம்மண் கரைத்த மாதிரி வரும். அப்புறம் ஆசிட், அப்புறம் சோடா உப்புத் தண்ணீர், அப்புறம் வெயில். வெயில்தான் அங்கே கிடைக்காது. காய்வதற்குள் மறுபடியும் துரு பூத்துவிடும். குப்பாயி அடுப்பில் மணலை வறுத்து, சூட்டோடு துணியில் முடிந்து டேங்கின்மேல் வைத்துக் காயவைப்பாள். அவள் விரல் நுனிகள் ஆசிட் பட்டுப் பட்டு வெள்ளையாக உரிந்திருந்தன. சோறு பிசையும்போது எரியும்.

"இந்தக் கருமத்த எதுக்குங்க இத்தன பாடுபட்டுக் கழுவோணும்? ஆரு ஓட்டறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவருக்கு ஆச. நமக்குச் சோறு. ஆட்டு புள்ளே" என்றான் சின்னையன்.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தபோது சந்தோஷ்குமாரிடமிருந்து போன் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வருகிறாராம். மோரிஸ் வண்டி ஓட வேண்டுமாம். அது அந்த ஐந்தில் இரண்டு வருஷமாக அசையாமல் நின்ற வண்டி. அவர் ஒன்றும் அதட்டவில்லை. "முடிஞ்சா பாருப்பா" என்றுதான் சொன்னார். ஆனால் சின்னையனுக்கு, தன்னிடம் விட்ட வண்டி அவர் கூட்டிவரும் ஆட்கள் முன்னால் முனகிக்கொண்டு நிற்கக் கூடாது. புதன்கிழமை காலையிலேயே கீழே போய்ப் பிளாஸ்டிக் கேனில் புது பெட்ரோல் வாங்கிவந்தான். பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டான். பிறகு மோரிஸின் அடியில் படுத்து டேங்கைப் பார்த்தான்.

டேங்கைக் கழற்றுவதற்கு முன் அதற்குள் கிடக்கும் பழைய பெட்ரோலை எடுத்தாக வேண்டும். அடியில் இருந்த வடிகால் திருகு துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது. ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கியது. இன்னும் அழுத்தினால் டேங்கே கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டான். ரப்பர் குழாயை எடுத்து, மேலே மூடி வழியாக உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். மலையிலும் சரி, கீழேயும் சரி, வண்டி வைத்திருப்பவன் எல்லோரும் செய்வதுதான். வாய்க்கு வருவதற்கு ஒரு நொடி முன்னால் குழாயைத் தாழ்த்திவிட்டால் தானாக ஓடிவரும்.

வரவில்லை. குழாயின் உள்முனையைத் துருச் செதில் அடைத்துக்கொண்டிருந்தது. அவன் இன்னும் பலமாக இழுத்தான். கன்னம் இரண்டும் குழிந்தன. பக்கத்தில் வாளியோடு நின்ற குப்பாயி, "உடுங்க, வேற குழாய் கொண்டாரேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை. அடைப்பு விட்டுக்கொண்டது. ஒரு வாய் நிறைய, கெட்டுப்போய் வார்னிஷ் நாற்றம் அடித்த பெட்ரோல் அவன் தொண்டைக்குள் பாய்ந்தது. அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

குழாய் தரையில் விழுந்து தன்பாட்டுக்குப் பழுப்பு நிறத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னையன் காரின்மேல் சாய்ந்து இருமினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக வழிந்தது. குப்பாயி முதுகைத் தட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். சத்தம் கேட்டு மேல்காட்டிலிருந்து பாவாயி ஓடிவந்தாள். பாவாயி பக்கத்து வீட்டுக்காரி. குப்பாயியும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

"பெட்ரோலு வகுத்துக்குள்ள போயிருச்சா? ஐயோ, உள்ள உட்டா கொடல வேவிச்சுப்புடும். வாந்தி எடுக்க வெய்யி!" என்றாள் பாவாயி. அவளே ஓடிப்போய் ஒரு சொம்பு நிறைய உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தாள். குப்பாயி அதை வாங்கிப் புருஷன் வாயில் வைத்தாள். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். "குடிச்சிருங்க, சாமி. வெளிய வந்துருட்டும்" என்று கெஞ்சிக் குடிக்கவைத்தாள்.

வெளியே வந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை குமட்டி எடுத்தான். வாந்திக்கு நடுவில் இருமல், இருமலுக்கு நடுவில் வாந்தி. கொட்டகை முழுக்கப் பெட்ரோல் நாற்றம். பாவாயி, "இனி ஒண்ணுமில்ல, எல்லாம் வந்துருச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சின்னையனும் முகம் கழுவிவிட்டு, "நெஞ்சு மட்டும் எரியுது" என்று சிரிக்கப் பார்த்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று குப்பாயி கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். பொழுது இருட்டும்போது உடம்பு கொதிக்க ஆரம்பித்தது.

விடியற்காலையில் அவனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. குப்பாயி அலறிக்கொண்டு பாவாயி வீட்டுக்கு ஓடினாள். பாவாயியின் மகன் இளங்கோ கீழே லாரி ஓட்டுகிறவன். அன்று லீவில் வீட்டில் இருந்தான். அவன் உடனே சுகாதார நர்சு சங்கீதாவைக் கூட்டிவந்தான். சங்கீதா நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"பெட்ரோலு நுரையீரலுக்குள்ள போயிருக்குங்க அக்கா. இவருக்கு ஆக்சிஜன் வேணும், பெரிய ஆஸ்பத்திரி வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் அடித்தாள். அது ஒரு பிரசவத்துக்குக் கீழே போயிருந்தது. திரும்பி ஏறிவர நேரமாகும் என்றார்கள். "நீங்க எதாச்சும் வண்டியில எறங்க ஆரம்பிச்சிருங்க. அவுங்க ஏறி வரட்டும். வழியில மாத்திக்கலாம்."

எதாச்சும் வண்டி. ஊரில் இருந்த ஒரே வேன் அதிகாலையிலேயே சந்தைக்குப் போய்விட்டது. பைக்கில் உட்காரவைக்க அவனுக்கு நிமிர்ந்து இருக்கத் தெம்பில்லை. இளங்கோ கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். நாலு கார்களும் ஓரத்தில் ஒரு ஜீப்புமாக ஐந்து வண்டிகள் வரிசையாக, துடைத்துப் பளபளவென்று நின்றன. ஒன்றின் டேங்கிலும் ஓடக்கூடிய பெட்ரோல் கிடையாது.

"அத்தே, அந்த ஜீப்பு இஞ்சின் எப்படி?"

"இஞ்சின் ஓடும். டேங்குதான் அடச்சுக்கும்" என்றாள் குப்பாயி. சொல்லும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கிவைத்த கேன் மூலையில் இருந்தது. சார்ஜ் ஏறிய பேட்டரி இருந்தது. "டேங்க உட்டுரு கண்ணு. கேன்ல இருந்து நேரா பம்புக்குக் குழாய் குடு. அவுரு ஒருக்கா அப்படித்தான் ஓட்டிப் பாத்தாரு."

அவள் கையாலேயே பழைய குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் குழாயை மாட்டினாள். இளங்கோ பேட்டரியைத் தூக்கிவைத்துக் கம்பியை முறுக்கினான். சாவியைத் திருப்பியதும் ஜீப் உதறிக்கொண்டு எழுந்தது.

கேனை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். சாய்ந்தால் குழாய் வெளியே வந்துவிடும், வண்டி நின்றுவிடும். குழாய் இழுபட்டு நழுவினால் பெட்ரோல் சூடான இஞ்சின்மேல் கொட்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது குப்பாயிதான். குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வேறு யாருக்கும் தெரியாது. சின்னையனைப் பின்னால் ஏற்றினார்கள். அவன் தலையைச் சங்கீதா தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பாவாயி ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். "அண்ணா, ஒண்ணுமாகாது, அண்ணா" என்று அவள் கத்தியது முதல் திருப்பம் வரை கேட்டது.

மலைப்பாதையின் எழுபது வளைவுகளில் எதிலும் குப்பாயியால் முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஜீப்பின் பிரேக் பாதிதான் பிடித்தது. இளங்கோ கியரில் அடக்கி அடக்கி இறக்கினான். வளைவுக்கு வளைவு வண்டி ஒருபக்கமாகச் சரியும்போது கேனும் சரியும். அவள் இரண்டு முழங்கால்களாலும் அதை நெருக்கி, மார்போடு அணைத்து, ஒரு கையால் குழாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் சிந்திச் சேலை நனைந்தது. தொடை எரிந்தது. பின்னாலிருந்து புருஷனின் மூச்சு மட்டும் கேட்டது. ஓட்டைத் துருத்தியில் காற்று போகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறவரை பரவாயில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இஞ்சின் உறுமலில் அது கேட்காமல் போகும்போதெல்லாம், "நர்சம்மா!" என்று கூப்பிட்டாள்.

"இருக்காருங்க அக்கா. இருக்காரு. நீங்க கேனப் பாருங்க."

ஒரு வளைவில் அவன் எதையோ சொன்னான். குப்பாயிக்குப் புரியவில்லை.

"என்னுங்க? என்ன சொன்னாரு?"

"உங்க பேரச் சொன்னாருங்க" என்றாள் சங்கீதா.

அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். விரல் அவன் முழங்காலைத் தொட்டதோ இல்லையோ, கேன் ஒருபக்கம் சாய்ந்து இஞ்சின் இருமியது. "அத்தே!" என்று இளங்கோ கத்தினான். கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீட்டவில்லை.

அடிவாரம் தெரிகிற வளைவொன்றில் ஆம்புலன்ஸ் எதிரே ஏறிவந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். குப்பாயி இறங்கி ஓடினாள். அவள் சேலை முழுக்கப் பெட்ரோல். "சிலிண்டர் இருக்குதும்மா, இந்தத் துணியோட உள்ள ஏறக் கூடாது" என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. சங்கீதா மட்டும் ஏறிக்கொண்டாள். கதவு சாத்தும்போது சின்னையன் கண்ணைத் திறந்து பார்த்தான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வண்டி போய்விட்டது. குப்பாயி கீழேயிருந்த வீடொன்றில் சேலை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு வாய்வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு அவன் பேசவில்லை.

மகள் பரிமளா சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். டாக்டர் வயதில் சின்னவர்; பொறுமையாகத்தான் கேட்டார். எப்போது நடந்தது, எவ்வளவு உள்ளே போனது, என்ன செய்தீர்கள்.

"உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெச்சோமுங்க" என்றாள் குப்பாயி.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பெட்ரோல் குடிச்சவங்கள வாந்தி எடுக்க வைக்கக் கூடாதும்மா. வரும்போது மறுபடியும் நுரையீரலுக்குள்ள போயிரும்." பிறகு, "முதல்லயே உள்ள போயிருக்கலாம். எதனாலன்னு இப்பச் சொல்ல முடியாது" என்றும் சொன்னார். டாக்டர் இரண்டாவதாகச் சொன்னதைப் பரிமளா காதில் வாங்கவில்லை.

"யாரும்மா வாந்தி எடுக்கச் சொன்னது? யாரு சொன்னது?"

வராந்தாவின் கடைசியில் இளங்கோ நின்றிருந்தான். கையில் இட்லிப் பொட்டலம். குப்பாயி அவனைப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள்.

பரிமளா அன்றைக்கு முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

சின்னையன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்துபோனான். நண்பர்களோடு மலைக்கு வரவேண்டிய சந்தோஷ்குமார் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்து, பிணவறைக்கு வெளியே மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நான் ஓட வேணும்னு சொல்லியிருக்கவே கூடாதும்மா" என்றார். குப்பாயிக்கு அவர்மேல் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இளங்கோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். காரியம் முடிந்த பிறகு பாவாயி குப்பாயி வீட்டுப் பக்கம் வருவது நின்றது. தண்ணீருக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். பாதையில் எதிர்ப்பட்டால் மிளகுக் கொடிக்குள் புகுந்து அந்தப் பக்கமாகப் போனாள். குப்பாயியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன பேசுவது? நீ சொன்னாய், நான் குடிக்கவைத்தேன். வேண்டாம் என்று தலையாட்டியவனைச் சாமி என்று கெஞ்சிக் குடிக்கவைத்தது யார் வாய்? ராத்திரி சோற்றில் உப்புப் போடும்போது கை நின்றுபோகும். சில நாள் உப்பில்லாமலேயே தின்றுவிட்டுப் படுத்தாள்.

பரிமளா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. குப்பாயிக்கு அது தெரிந்தது. ஆடு இருக்கிறது, காடு இருக்கிறது என்று சொல்லி மலையிலேயே இருந்துவிட்டாள்.

மாசியில் சந்தோஷ்குமார் வண்டிகளை விற்றுவிட்டார். வாங்கிய ஆள் பெரிய லாரி ஒன்றை அனுப்பியிருந்தார். லாரிக்காரர்களோடு அருணாசலமும் மேலே வந்தார். பலகை போட்டு ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கொட்டகை வாசலிலிருந்து லாரி வரை மண்பாதை ஏற்றம். நாலு வண்டி ஏறிவிட்டது. மோரிஸ் மட்டும் பாதி வழியில் சக்கரம் பிடித்துக்கொண்டு நின்றது. அருணாசலம் அக்கம்பக்கத்துக் காட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அப்படியும் ஒரு கை குறைந்தது.

குப்பாயி வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அருணாசலம் அவளைப் பார்த்தார், பிறகு வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

அவளாகவே எழுந்து வந்தாள். காரின் பின்பக்கம், டேங்க் இருந்த மூலையில்தான் இடம் இருந்தது. அங்கே போய் இரண்டு கையையும் வைத்தாள். தகரம் சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஏற்கெனவே தோள் கொடுத்துக் குனிந்து நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். பாவாயி. அருணாசலம் கூப்பிட்ட சத்தத்தில், யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் அவளும் ஓடிவந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. விலகப் பார்த்தாள், அந்தப் பக்கம் ஆட்கள் நெருக்கி நின்றார்கள்.

"குப்பாயி…" என்றாள். உதடு கோணியது. "நாந்தானே புள்ளே…"

"தள்ளு" என்றாள் குப்பாயி.

அருணாசலம் "ஏலேலோ" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் மூச்சுப் பிடித்தார்கள். இரண்டு பெண்களின் தோளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சக்கரம் முதலில் முனகி, பிறகு மெல்ல உருண்டு பலகைமேல் ஏறியது. கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி புறப்பட்டுத் திரும்பும்வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்தது. பாவாயி போகவில்லை. குப்பாயி வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, மிச்சத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். பாவாயி கழுவிக்கொண்டாள். கட்டாமல் கிடந்த தழையில் பாதியை எடுத்து அவளே கட்ட ஆரம்பித்தாள்.